வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாது, கையில் ஆயிரம் ரூபாய்

கேட்டிருப்பவர் கல்யாணமாகி ஓசூருக்குக் குடிவந்து நாலு மாதம் ஆன ஒரு தங்கச்சி. இரண்டு அறை வாடகை வீடு, நாலு பக்கமும் மொட்டை வெள்ளைச் சுவர். ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். பொங்கலுக்கு மாமனார் மாமியார் வருகிறார்கள். அதற்குள் வீட்டைப் பார்க்கும்படி ஆக்க வேண்டும், கையாலேயே செய்ய வேண்டும், ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது. வீடியோக்களைப் பார்த்து ஏற்கெனவே ஐந்நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கி, செய்த எதுவும் பிடிக்காமல் தூக்கிப் போட்டுவிட்டாராம்.

எனக்குப் பாலக்கோட்டுப் பக்கம். தையல்தான் தொழில். மீதி நேரத்தில் இந்த மாதிரி வேலைகளைப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஐந்நூறு ரூபாயைப் பார்ப்போம். என்ன வாங்கியிருப்பீர்கள் என்று பார்க்காமலேயே சொல்லிவிடுவேன்: பசைத் துப்பாக்கி, கலர் ஃபோம் ஷீட், ஜிகினாத் தூள், பிளாஸ்டிக் முத்து, ஐஸ் குச்சி ஒரு கட்டு. இதெல்லாம் கையால் செய்வதற்கென்றே கடையில் விற்கிற சரக்கு. கடைச் சரக்கை எப்படி ஒட்டினாலும் கடைச் சரக்காகத்தான் தெரியும், செலவும் அதில்தான். ஓசூரில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் அதையெல்லாம் தேட வேண்டியதே இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் களத்திலும் பட்டுப்புழு வளர்க்கும் மனையிலும் கம்பெனி வாசலிலும் வேண்டாம் என்று ஒதுக்கிப் போடுவதை எடுத்தாலே போதும். பட்டுக்கூடு, கேழ்வரகுக் கதிர், செம்மண், அட்டைப்பெட்டி, உங்கள் அம்மாவின் பழைய நூல் சேலை.

இன்னொன்று. இருபது சின்னப் பொருள் செய்யாதீர்கள். ஒரு அறைக்கு ஒன்று, அதுவும் பெரியதாக இருக்கட்டும். சின்னச் சின்னதாக நிறையத் தொங்கினால் வீடு ஃபேன்சி ஸ்டோர் போல ஆகிவிடும். நிறமும் மூன்றுக்கு மேல் வேண்டாம். செம்மண், வெள்ளை, மஞ்சள் என்று எடுத்துக்கொண்டால் வீடு முழுக்க ஒன்றோடு ஒன்று சேரும். கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் மாறி மாறி அடித்திருப்பதைப் பார்த்து வளர்ந்த கண்கள்தானே நமக்கு.

சரி, ஆணிப் பிரச்சினை. இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை நம்பாதீர்கள். டைல்ஸில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் டிஸ்டெம்பர் அடித்த சுவரில் ஒன்று, இரண்டே நாளில் விழும், இல்லையென்றால் பிய்க்கும்போது பெயின்ட்டோடு வரும். அப்புறம் வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடிப்பார். அதற்குப் பதில் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பிடிமானங்களைப் பாருங்கள். ஜன்னல் கம்பி, திரைச்சீலைக் கம்பி, லாஃப்ட்டின் விளிம்பு, தொட்டிலுக்காகக் கூரையில் விட்டிருக்கும் கொக்கி. கதவின் மேல் விளிம்பும் உதவும்: கயிற்றின் நுனியில் பெரிய முடிச்சுப் போட்டு, அது கதவுக்கு அந்தப் பக்கம் கிடக்கும்படி கயிற்றை மேலே போட்டுக் கதவைச் சாத்தினால் ஐந்து கிலோ வரை தாங்கும். லாஃப்ட்டில் தொங்கவிட வேண்டுமானால் கயிற்றின் ஒரு முனையை உள்ளே விட்டு அதன் மேல் அரிசி மூட்டையையோ பழைய புத்தகக் கட்டையோ வைத்துவிடுங்கள். பெரிய பொருளைத் தொங்கவிடவே வேண்டாம், தரையில் வைத்துச் சுவரில் சாய்த்துவிடலாம். நான் சொல்லப் போகிற முதல் பொருளே அப்படிப்பட்டதுதான்.

பட்டுப்புழு கூடு கட்டும் மூங்கில் தட்டிக்குச் சந்திரிகை என்று பெயர். ஆறடிக்கு நாலடி மூங்கில் பாயின் மேல், மெல்லிய மூங்கில் பட்டையைக் குத்துவாக நிறுத்தி, நடுவில் தொடங்கிச் சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டே வந்து கட்டியிருப்பார்கள். பழுத்த புழுவை அதில் விட்டால் அந்தச் சுருளின் இடுக்கில்தான் கூடு கட்டும். இப்போது நிறையப் பேர் மடக்குகிற பிளாஸ்டிக் வலைக்கு மாறிவிட்டார்கள். அதனால் பழைய சந்திரிகைகள் மாட்டுக் கொட்டகையின் பின்னால் வெயிலிலும் மழையிலும் கிடக்கின்றன. கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள், இல்லை ஐம்பதோ நூறோ வாங்குவார்கள். அதைச் சுவரில் சாய்த்து வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான், அந்தச் சுவர் நிறைந்துவிட்டது. வேறு எந்த அலங்காரமும் அதற்கு வேண்டாம். பக்கவாட்டில் ஒரு சின்ன மஞ்சள் பல்பு வைத்தால் சுருள் சுருளாக நிழல் விழும்.

கொண்டு வந்ததும் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். பழைய நூலிழையும் புழுவின் கழிவும் ஒட்டியிருக்கும். சில இடங்களில் மருந்து தெளித்த வாடையும் இருக்கும். மூங்கிலில் பொடிப் பொடியாக மாவு கொட்டினால் உளுத்துப்போனது என்று அர்த்தம், அதை வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். எடுத்து வருவதுதான் சிரமம். நான் ஒருமுறை பஸ்ஸின் பின்வாசலில் ஏற்றப் பார்த்து, கண்டக்டர் இரண்டு டிக்கெட் போடட்டுமா என்று கேட்டுவிட்டார். ராயக்கோட்டையிலிருந்து ஓசூருக்குத் தக்காளி ஏற்றி வரும் டெம்போக்காரரிடம் சொல்லி வைத்தால் அந்த வண்டியிலேயே போட்டுக்கொண்டு வந்துவிடுவார். ஒரு விஷயம்: புழு இருக்கிற மனைக்குள் கேட்காமல் நுழைந்துவிடாதீர்கள். கால் கை கழுவாமல் யாரையும் உள்ளே விட மாட்டார்கள், நோய் வந்தால் அந்த ஈடு, அதாவது அந்தத் தடவை வளர்க்கிற புழு, முழுக்கப் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு.

சந்திரிகை கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பட்டுக்கூட்டை மட்டும் விடாதீர்கள்.

பட்டுக்கூட்டில் பூ செய்வதை நான் இரண்டு பக்கத்துக்கு எழுதுவேன், அவ்வளவு பிடிக்கும். தர்மபுரியில் அரசு பட்டுக்கூடு அங்காடி இருப்பது தெரிந்திருக்கும். ஆனால் அங்கே ஏலம் போகிற நல்ல கூடு உங்களுக்கு வேண்டாம். அதற்குள் கூட்டுப்புழு இருக்கும், விலையும் அதிகம், வைத்திருந்தால் நாறிவிடும். உங்களுக்கு வேண்டியது ஓட்டைக் கூடு. முட்டைக்காக விடும் கூட்டை அந்துப்பூச்சி துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அறுந்துபோனதால் அந்தக் கூட்டிலிருந்து நூலை ஒரே இழையாக எடுக்க முடியாது. பட்டுக்கு உதவாத அந்த வெறும் கூடுதான் நமக்கு உதவும். ஓசூர் பக்கம் முட்டை தயாரிக்கிற வித்தகங்கள் இருக்கின்றன, அங்கே விசாரியுங்கள். விலை அவ்வப்போது மாறும், எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். கிலோக் கணக்கில் கேட்டுவிடாதீர்கள். வெறும் கூடு பஞ்சு மாதிரி, ஒன்று அரைக் கிராம்கூட இருக்காது. 100 கிராம் வாங்கினால் 250 கூட்டுக்குக் குறையாமல் வரும். ஒரு பூவுக்கு மூன்று கூடு என்றாலும் எண்பது பூ. உங்களுக்கு முப்பது போதும்.

கூட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் பூச்சி வந்த ஓட்டை, அதைச் சுற்றிப் பழுப்புக் கறை. அந்த முனையைச் சின்னக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டித் தள்ளுங்கள். உள்ளே காய்ந்த தோல் ஒன்று கிடந்து கலகலக்கும், கவிழ்த்துத் தட்டினால் விழுந்துவிடும். இப்போது உங்கள் கையில் இருப்பது ஒரு சின்னக் கிண்ணம். விளிம்பிலிருந்து அடி வரைக்கும், ஆனால் அடியைத் தொடாமல், ஐந்து இடத்தில் வெட்டுங்கள். ஒவ்வொரு இதழின் நுனியையும் வளைவாக நறுக்குங்கள். அப்புறம் விரலை வெந்நீரில் நனைத்து இதழின் நுனியை வெளிப்பக்கம் உருட்டி ஒரு பத்து நொடி பிடியுங்கள். கூட்டின் இழைகளை ஒட்டியிருக்கும் பசை ஈரச் சூட்டில் இளகும், ஆறியதும் அந்த வளைவிலேயே இறுகிவிடும். ஃபெவிகால் எதுவும் வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை இருக்கிறது. கூட்டின் சுவரை நகத்தால் நெருடினால் வெங்காயத் தோல் போல இரண்டு மூன்று அடுக்காகப் பிரியும். வெளி அடுக்கு முரடு, உள் அடுக்கு காகிதம் மாதிரி மெல்லிசு. முரட்டு அடுக்கை வெளி இதழுக்கும் மெல்லிசை உள் இதழுக்கும் வைத்தால் பூவில் உயிர் வந்துவிடும். ஒரு கிண்ணத்துக்குள் இன்னொன்றைச் சற்றுத் திருப்பி வைத்து, அடியில் ஊசியால் துளை போட்டு, தென்னை ஈர்க்குச்சியைச் செருகுங்கள். நடுவில் ஒரு சொட்டுப் பசை விட்டு, மஞ்சள் தூளில் புரட்டிய ரவையைத் தூவினால் மகரந்தம். இந்த ரவை என் கண்டுபிடிப்பு, பெருமைக்காகச் சொல்லிக்கொள்கிறேன்.

நிறம் ஏற்ற வேண்டுமானால் வெட்டுவதற்கு முன்னாலேயே ஏற்றுங்கள். பட்டு சாயத்தை நன்றாகக் குடிக்கும். கேசரிப் பவுடரே போதும், ஒரு ஸ்பூன் வினிகர் சேர்த்தால் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் கை பொறுக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், கொதிக்கக் கூடாது. கொதித்தால் அந்தப் பசை கரைந்து கூடு நைந்த துணி போலத் துவண்டுவிடும், நூல் எடுப்பவர்கள் கொதிநீரில் போடுவதே அதற்காகத்தான். கால் மணி நேரம் ஊற வைத்து, நிழலில் காய வையுங்கள். ஆனால் என் யோசனை என்னவென்றால் சாயமே வேண்டாம். வெள்ளைக் கூடு தந்தம் போல இருக்கும். பழைய கலப்பின மஞ்சள் கூடு கிடைத்தால் இரண்டையும் கலந்து வையுங்கள், மல்லிகையும் சாமந்தியும் சேர்ந்தது போல.

பூங்கொத்தை ஒரு மண் கலயத்தில் நிறுத்தி, கலயத்துக்குள் மணலை நிரப்பிவிட்டால் ஹாலுக்கு ஒரு பொருள் ஆயிற்று. தூசி படிந்தால் ஹேர் ட்ரையரைக் குளிர்காற்றில் வைத்து ஊதுங்கள், தண்ணீரில் அலசாதீர்கள். வெயில் நேராக விழும் ஜன்னலில் வைத்தால் வெள்ளை பழுப்பாகும்.

அடுத்தது தரைக்கு. இதற்கு ஊசி நூலைத் தவிர செலவே இல்லை, ஆனால் நாள் ஆகும். பழைய நூல் சேலை ஒன்று எடுங்கள். சின்தெடிக் வேண்டாம், அது கிழியாது, வெட்டினால் இழை இழையாகப் பிரிந்துகொண்டே இருக்கும். நூல் சேலையை ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் நேர்க்கோட்டில் சர்ரென்று கிழிந்து போகும். 2 அங்குலப் பட்டையாக நீளவாக்கில் கிழியுங்கள். ஐந்தரை மீட்டர் சேலையில் இருபத்திரண்டு பட்டை வரும். மூன்று மூன்றாக எடுத்துச் சடை பின்னினால் ஏழு சடை. பின்னும்போது நீளம் குறைந்து ஒவ்வொன்றும் நாலு மீட்டர் அளவில் நிற்கும். ஆக மொத்தம் 28 மீட்டர் சடை. அதை வட்டமாகச் சுற்றித் தைத்தால் இரண்டரை அடி அகலத்துக்கு ஒரு விரிப்பு. படுக்கைக்குப் பக்கத்தில் போட அது போதும், ஹாலுக்குப் போட இரண்டு சேலை வேண்டும்.

பட்டையோடு பட்டையைச் சேர்க்கத் தைக்க வேண்டாம். இரண்டு நுனியிலும் பட்டன் துளை மாதிரி ஒரு கீறல் போட்டு, ஒன்றை ஒன்றுக்குள் நுழைத்து இழுத்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும். மூன்று பட்டையும் ஒரே இடத்தில் முடியாதபடி முதலிலேயே நீளத்தை முன்னே பின்னே வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். தைக்கும்போது மடியில் வைத்துத் தைக்காதீர்கள், இது எல்லோரும் செய்கிற தப்பு. மடியில் வைத்தால் கை தானாக இழுத்துப் பிடிக்கும், கடைசியில் விரிப்புக்குப் பதில் கூடை வந்து நிற்கும். தரையில் விரித்து வைத்து, சடையை இழுக்காமல் வளைவுக்குக் கொஞ்சம் தளர்வு கொடுத்து, இரட்டை நூலில் பக்கவாட்டில் தையுங்கள். தளர்வு அதிகமானால் ஓரம் அப்பளம் போல நெளியும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டால் சரியாக வரும்.

டைல்ஸ் தரையில் இது வழுக்கும். வயதானவர்கள் வருகிறார்கள் என்கிறீர்கள், அதனால் அடியில் வழுக்காத ரப்பர் வலையில் ஒரு துண்டு வெட்டிப் போடுவதற்கு மட்டும் காசைப் பார்க்காதீர்கள்.

மாமியார் வீட்டுச் சேலை ஏதாவது கையில் இருந்தால் அதில் செய்யலாமா என்று யோசிப்பீர்கள். கேட்காமல் கிழித்துவிடாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

சுவருக்கு வருவோம். வீடியோக்களில் எல்லோரும் வார்லி வரைகிறார்கள். நல்ல ஓவியம்தான், மகாராஷ்டிரப் பழங்குடிகளுடையது. ஆனால் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் பாறையில் வெள்ளை நிறத்தில் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. குதிரை மேல் உட்கார்ந்து ஆயுதத்தோடு எதிர்த்து நிற்கும் ஆட்கள், நாலே கோட்டில் ஆள், நாலே கோட்டில் குதிரை. மயிலாடும்பாறையிலும் வெள்ளைப் பாறை ஓவியங்கள் உண்டு, 2022-இல் அங்கே கிடைத்த இரும்பு நாலாயிரம் ஆண்டுக்கு முந்தையது என்று அறிவித்தார்களே, அதே ஊர். படம் வரையத் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. அந்தப் பாணியில் நீங்களே வரையுங்கள்: ஒரு மாடு, ஒரு ஏர், ஒரு மாமரம், ஸ்கூட்டரில் போகும் நீங்கள் இருவர்கூட.

பலகைக்கு ஃப்ரிட்ஜோ டிவியோ வந்த அட்டைப்பெட்டி போதும். ஓசூரில் அதற்கா பஞ்சம், சிப்காட் பக்கம் பழைய அட்டைக் கடைகளில் எடைக்குப் போடுகிறார்கள். 3 அடிக்கு 2 அடியாக இரண்டு துண்டு வெட்டுங்கள். அட்டைக்குள் நெளிநெளியாக ஓடும் வரி ஒன்றில் நெடுக்கிலும் மற்றதில் குறுக்கிலும் இருக்கும்படி வைத்து ஒட்டினால் பலகை போல விறைப்பாக நிற்கும். ஒரே திசையில் ஒட்டினால் மடங்கும். செம்மண்ணை மாவுச் சல்லடையில் சலித்து, ஒரு கப் மண்ணுக்கு இரண்டு மேசைக்கரண்டி ஃபெவிகால், தோசை மாவுப் பதத்துக்குத் தண்ணீர். பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் காயும்போது அட்டை வில்லாக வளைந்துவிடும், அதனால் பின்பக்கத்திலும் ஒரு கை பூச வேண்டும். முன்பக்கம் காய்ந்ததும் இன்னொரு பூச்சு. வெள்ளைக்கு சாக்பீஸை நுணுக்கி அதே ஃபெவிகாலில் குழையுங்கள். தூரிகைக்கு வேப்பங்குச்சியின் நுனியைக் கடித்துப் பஞ்சாக்கிக்கொள்ளுங்கள். பிரஷ்ஷை விட அதுதான் நன்றாக இருக்கும், கோடு கொஞ்சம் கரடுமுரடாக வந்து பாறை மேல் தீட்டியது போலத் தெரியும்.

இதை லாஃப்ட்டில் கட்டித் தொங்கவிடலாம், மேசை மேல் சாய்த்தும் வைக்கலாம். மழை நீர் பட்டால் அவ்வளவுதான், அதனால் ஜன்னல் ஓரம் வேண்டாம்.

காகிதக் கூழ்க் கூடை பற்றியும் கேட்டிருந்தீர்கள். எங்கள் ஆயா செய்வார்கள். பழைய பேப்பரைக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறப் போட்டு, பிழிந்து, ஊற வைத்த வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டி, மஞ்சள் தூள் சேர்த்து, கவிழ்த்த சட்டியின் மேல் துணி போட்டு அதன் மேல் அப்பிக் காய வைப்பார்கள். வெந்தயத்தின் வழவழப்புத்தான் பசை. காய்ந்ததும் கழற்றி, புளியங்கொட்டைப் பசை பூசினால் மரம் மாதிரி இறுகும். புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊற வைத்து அரைத்துக் கிண்டினால் அந்தப் பசை. தை பிறந்ததும் வீட்டுக்கு வீடு திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டும் ஊர் எங்களது, கொட்டைக்கு என்ன குறை.

ஆனால் உங்களுக்கு இப்போது அது வேண்டாம். நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு ஐப்பசியில், மழை விட்ட நேரமெல்லாம் வெயிலில் வைத்து எடுத்து ஆறு கூடை செய்தேன். வெளியே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். பத்து நாளில் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை. துடைத்து மறுபடி காய வைத்துப் பரணில் அடுக்கினேன். வெந்தய வாசனைக்கு எலி வந்து ஒரே ராத்திரியில் ஆறின் விளிம்பையும் ஒன்று விடாமல் கடித்திருந்தது. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கார்த்திகை மார்கழியில் பனியும் சாரலும் விடாது. மாசி பங்குனியில் ஒரு வாரம் நல்ல வெயில் அடிக்கும்போது செய்யுங்கள். எலிக்கு வசம்புப் பொடியைப் பசையில் கலப்பார்கள், எங்கள் வீட்டு எலி அதற்கும் மசியவில்லை.

ரோஜாவைச் சொல்லாவிட்டால் ஓசூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். பாகலூர், பேரிகைப் பக்கப் பசுமைக்குடிலில் காம்பு வளைந்தது, இதழ் கறுத்தது என்று கழித்துவிடும் பூ நிறைய. கட்டாக வாங்கி, இலையை எல்லாம் உருவிவிட்டு, ஐந்தைந்தாகக் கட்டி, இருட்டான அலமாரிக்குள் தலைகீழாக இரண்டு வாரம் தொங்கவிடுங்கள். வெளிச்சம் பட்டால் நிறம் போகும். சிவப்பு ரோஜா காய்ந்தால் கறுத்த மெரூனாகும், மஞ்சளும் ஆரஞ்சும் தான் அழகாகக் காயும். மொட்டு பாதி விரிந்ததாக இருக்க வேண்டும், முழுக்க விரிந்தது உதிர்ந்துவிடும்.

கண்ணாடிப் பாட்டிலுக்குப் பெயின்ட் அடிப்பது, பழைய சிடியை வெட்டி ஒட்டுவது, இதிலெல்லாம் எனக்கு மனசு ஒட்டுவதில்லை. விட்டுவிடலாம். சீரியல் லைட் மட்டும் ஒன்று வாங்கிச் சந்திரிகைக்குப் பின்னால் போடலாம், அலங்காரமாகத் தெரியும்படி சுவரெங்கும் சுற்ற வேண்டாம்.

ஊசி வேலையில் கை பழகியவர் என்றால் ஒரு வார்த்தை. எங்கள் தர்மபுரி மாவட்டத்திலேயே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடி சமூகத்துப் பெண்கள் தங்கள் பாட்டிமார் போட்ட தையலை மறுபடி கற்றுக்கொண்டு ‘போர்கை’ என்ற பெயரில் செய்து வருகிறார்கள். அதைப் பார்த்து மலிவாக நகலெடுக்க வேண்டாம். முடிந்தால் காசு சேர்த்து அவர்களிடம் ஒரு குஷன் உறை வாங்குங்கள். நீங்கள் செய்வதற்கு வெறும் ஓட்டுத் தையலே போதும்: வெள்ளைத் தலையணை உறையின் ஓரத்தில் செம்மண் நிற நூலில் மூன்று வரி, ஒரு அங்குல இடைவெளியில். ஒரு ராத்திரி வேலை.

கணக்குப் பார்ப்போம். ஓட்டைக் கூடும் கலயமும் சேர்ந்து இருநூறு முந்நூறு. ஃபெவிகால், நூல், ரப்பர் வலை எல்லாம் இன்னொரு இருநூறு. சந்திரிகைக்கு நூறு, கொண்டு வந்த வண்டிக்காரருக்கு டீச் செலவு தனி. அறுநூறைத் தாண்டாது. மீதியில் கேழ்வரகுக் கதிர் வாங்கலாம், சொல்ல மறந்தேன் பாருங்கள்.

இப்போது தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டிப் பக்கம் களத்தில் கேழ்வரகு அடிக்கிறார்கள். விரலை மடக்கிய கை போல இருக்கும் கதிரைத் தண்டோடு ஒரு நாற்பது கேளுங்கள், சாமைக் கதிர் கிடைத்தால் அதிலும் கொஞ்சம், அது தலை கவிழ்ந்து தொங்கும். இரண்டு நாள் வெயிலில் காய வைத்தால் வண்டு வராது. இரண்டையும் சேர்த்து வாழைநாரால் இறுக்கிக் கட்டித் தலைகீழாக பால்கனிக் கம்பியில் தொங்கவிடுங்கள். எங்கள் பழைய வீட்டில் தாழ்வாரத்தில் நெற்கதிரைக் கொத்தாகக் கட்டி விட்டிருந்தார்கள், குருவி வந்து கொத்துவதற்காக. உங்கள் பால்கனிக்கும் வரலாம். கொத்திவிட்டுப் போனால் அடுத்த வருடம் புதுக் கொத்து.

வாசலுக்கு நீங்கள் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. போகியன்று சந்தையில் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றும் கட்டாக விற்பார்கள், காப்புக் கட்ட. ஊரில் கூரையில் செருகுவோம், நீங்கள் கதவின் கிரில்லில் கட்டுங்கள். பொங்கல் முடிந்து அவிழ்க்கும்போது ஆவாரமும் வேப்பிலையும் வாடியிருக்கும், பூளைப்பூ மட்டும் அப்படியே வெள்ளையாக இருக்கும். அதைக் குப்பையில் போட்டுவிடாமல் உருவி எடுத்து, பட்டுக்கூட்டுப் பூ இருக்கும் கலயத்தில் இடையிடையே செருகிவிடுங்கள். கொத்து அப்போதுதான் நிறைவாக இருக்கும்.